விந்தைக் கனி: ஓர் இசைத்தட்டின் வரலாறு

'விந்தைக் கனி' என்னும் தலைப்பைக் கண்டதும் அன்பர்கள் சிலர் மாவையும் பலாவையும் நினைந்து, இலக்கிய மலரில் தோட்டக்கலைக் கட்டுரை எவ்வாறு புகுந்தது என்று வியத்தல் கூடும். ஆங்கிலத்தில் 'ஸ்டிரேஞ்ச் ஃபுரூட்' என வழங்கும் அமெரிக்கப் பாடல் ஒன்றின் பெயரையே இங்ஙனம் தமிழாக்கினேன். பன்னிரண்டே அடிகள் கொண்ட பாடல் அது. 1939ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 20ஆம் நாள் நியூயார்க் நகரில் அது முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது. பாடியவர் பில்லி ஹாலிடே என்னும் கறுப்பின நங்கை. அன்று அவருக்கு அகவை இருபத்து நான்கு. அப்பாடல் தட்டில் ஏறியது எவ்வாறு, ஏறவொட்டாமல் தடுத்த அச்சம் யாது, ஏறியபின் அதற்கு நேர்ந்தவை யாவை என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

அப்பாடலிற் கூறப்படும் கனி மரத்தில் காய்த்ததன்று, மரத்தில் தூக்கப்பட்டது. அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், வழக்கும் விசாரணையும் இன்றி ஊர்க்கும்பல் கூடி ஒருவனைப் பிடித்து மரக்கிளையில் தொங்கவிடும் கொடுமை பல்லாண்டுகள் நீடித்தது. டஸ்கீகி கல்வி நிறுவனத்தார் தொகுத்த கணக்கின்படி, 1882 முதல் 1968 வரை இவ்வாறு மாண்டோர் 4,743 பேர். அவருள் 3,446 பேர் கறுப்பினத்தார். கணக்கில் வாராமற் போனவர் இன்னும் பலர். இவை இரவின் இருளில் ஒளிந்து செய்த கொலைகள் அல்ல என்பதுதான் நெஞ்சை நடுக்குவது. பலவிடங்களில் திருவிழாவுக்குத் திரள்வது போல் மக்கள் திரண்டனர், நிழற்படம் எடுத்தனர், அப்படங்களை அஞ்சலட்டையாக்கி உறவினர்க்கு அனுப்பினர்.

அத்தகைய படம் ஒன்றே இப்பாடலுக்கு வித்து. 1930 ஆகஸ்டு 7ஆம் நாள், இந்தியானா மாநிலத்து மாரியன் என்னும் ஊரில், தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்னும் கறுப்பின இளைஞர் இருவரைச் சிறையை உடைத்து வெளியே இழுத்துக் கும்பல் கொன்றது. உள்ளூர்ப் படப்பிடிப்பாளர் லாரன்ஸ் பைட்லர் எடுத்த படம் ஆயிரக்கணக்கில் விற்றது. அன்று அவர்களோடு இழுத்துவரப்பட்ட மூன்றாமவர், பதினாறே வயதினரான ஜேம்ஸ் கேமரன், எவ்வாறோ உயிர் தப்பினார்; 1988-இல் மில்வாக்கி நகரில் இக்கொடுமைகளை நினைவூட்டும் காட்சியகம் ஒன்றை அவரே நிறுவினார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடல் தென்னாட்டு மரங்களைப் பேசுகிறது. ஆனால் அதற்கு வித்தான படம் வந்த இந்தியானாவோ வடபுலத்து மாநிலம். தீமை தெற்கில்தான் என்று கைகழுவிக்கொள்ள வடக்கத்தியார்க்கு வழியில்லை.

படத்தைப் பார்த்து உறக்கம் இழந்தவர் ஏபெல் மீரோபோல். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1903-இல் பிறந்த யூதர். டிவிட் கிளிண்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். அவர் எழுதிய கவிதை 'கசப்புக் கனி' என்னும் பொருள்படும் தலைப்பில், 1937 சனவரியில் ஆசிரியர் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பின்னர் அவரே அதற்கு மெட்டமைத்தார். 'லூயிஸ் ஆலன்' என்பது அவர் பாட்டுக்குக் கொண்ட புனைபெயர். உயிரின்றியே பிறந்த தம் மக்கள் இருவர்க்கும் வைத்த பெயர்களை இணைத்து அவர் தமக்குச் சூட்டிக்கொண்டது அது. மீரோபோல் தூக்குமரம் ஒன்றையும் நேரிற் கண்டவரல்லர். பிஜித் தீவைக் காணாமலே அங்குக் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களைப் பாடிய பாரதியாரை இவ்விடத்து நினையாமல் இருக்க இயலவில்லை.

பாட்டின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். கொன்றவர் யார், ஏன் கொன்றார் என்று ஓரடியிலும் இல்லை. மரம், இலை, காற்று, மலர்மணம், காக்கை, மழை, வெயில் என இயற்கைப் பொருள்களே நிரலாக வருகின்றன. அழகிய நாட்டுப்புறக் காட்சி போலத் தொடங்கி, அதனூடே பிணத்தைக் காட்டிவிட்டு, விளைச்சல் என்னும் சொல்லோடு முடிந்துவிடுகிறது. இதனை உள்ளுறை என்று நம் இலக்கணப்படி முற்றாகச் சொல்ல மாட்டேன். மூன்றாம் அடியிலேயே உண்மை வெளிப்பட்டுவிடுகிறது. ஆயினும் கருப்பொருளைக் கொண்டே உரிப்பொருளைப் பேசவைக்கும் நம் பழம்புலவர் முறையை அறிந்தவர்க்கு இப்பாட்டு அயலாகத் தோன்றாது.

மீரோபோலின் மனைவியார் ஆனும் வேறு சிலரும் இப்பாடலைக் கூட்டங்களிற் பாடி வந்தனர். ஆனால் அது கூட்டத்தின் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு ஒரு நிலவறை வேண்டியிருந்தது. முன்பு காலணி வணிகம் செய்த பார்னி ஜோசப்சன் என்பவர், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், 1938 டிசம்பரில் 'கஃபே சொசைட்டி' என்னும் இசைவிடுதியைத் திறந்தார். கறுப்பரும் வெள்ளையரும் மேடையில் மட்டுமன்றி அவையிலும் ஒன்றாக அமரலாம் என்பது அவ்விடுதியின் கொள்கை. அந்நாள் நியூயார்க்கில் இது அரிது. புகழ்பெற்ற இசையரங்குகள் சிலவற்றிற் கறுப்பர் பாடலாம். உட்கார்ந்து கேட்டல் இயலாது.

பில்லி ஹாலிடே அவ்விடுதியின் முதற் பாடகியருள் ஒருவர். 1915-இல் பிறந்தவர், வறுமையும் இழிவும் நிறைந்த இளமை. 1938-இல் ஆர்ட்டி ஷா என்னும் வெள்ளையரின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். அப்போது உணவகத்துக்குள் நுழையவும் அவருக்கு உரிமை மறுக்கப்பட்ட இடங்கள் பல. நியூயார்க்கிலேயே ஒரு விடுதியில், விருந்தினர் செல்லும் மின்தூக்கியை விட்டுச் சரக்குத் தூக்கியில் வருமாறு பணிக்கப்பட்டார். அவ்விடுதியின் பெயர் லிங்கன்! அடிமை விலங்கை அறுத்தவரின் பெயரைத் தாங்கிய வாயிலில் இது நிகழ்ந்தது. மனம் கசந்து அக்குழுவை நீங்கிய பின்னரே அவர் ஜோசப்சனிடம் வந்து சேர்ந்தார்.

1939-இன் தொடக்கத்தில் மீரோபோல் அவ்விடுதிக்கு வந்து பாடலைக் காட்டினார். அதன் பொருள் ஹாலிடேக்கு உடனே விளங்கிற்று என்றும், விளங்கவில்லை என்றும் இருவகையாகக் கூறுவர். எனக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாத ஒன்றாகவே படுகிறது. கிதார்க் கலைஞரான அவருடைய தந்தை கிளாரன்ஸ் ஹாலிடே 1937-இல் டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் நுரையீரற் காய்ச்சலால் இறந்தார். நிறவேறுபாட்டால் உரிய வேளையில் மருத்துவம் கிட்டாமையே அச்சாவுக்குக் காரணம் என்று மகள் நம்பினார். இப்பாடல் தம் தந்தையைக் கொன்றவற்றை எல்லாம் சொல்வதாக அவர் கருதினார். அப்படிப்பட்டவர்க்கு யார் உரை எழுதிக் கொடுக்க வேண்டும்?

அதனை மேடையேற்றிய முறையையும் சொல்ல வேண்டும். ஜோசப்சன் வகுத்த ஒழுங்கு இது: இரவின் ஒவ்வோர் அரங்கும் இப்பாடலோடு முடிதல் வேண்டும். பாடல் தொடங்குமுன் பரிசாரகர் பணியை நிறுத்துவர். கோப்பை ஒலியும் கூடாது. விளக்குகள் யாவும் அணைந்து, பாடகியின் முகத்தில் மட்டும் சிறு ஒளி விழும். முடிந்ததும் அதுவும் அணையும். விளக்கு மீண்டும் எரியும்போது மேடை வெறிதாக இருக்கும். கைதட்டல் எவ்வளவு எழுந்தாலும் அவர் திரும்பி வாரார். முதல் நாள் கைதட்டவும் எவர்க்கும் தோன்றவில்லை; நெடுநேரங் கழித்து ஒருவர் தயங்கித் தட்டத் தொடங்கினார் என்று ஹாலிடே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இனித்தான் இசைத்தட்டின் கதை தொடங்குகிறது. ஹாலிடே அப்போது கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தார். அவரைக் கண்டெடுத்து உலகுக்குக் காட்டிய ஜான் ஹாமண்ட் அங்குதான் இருந்தார். நிற ஒற்றுமைக்காக உண்மையாகவே உழைத்தவர் ஹாமண்ட். அவருக்கும் இப்பாடல் பிடிக்கவில்லை. கலை என்னும் அளவில் இது ஹாலிடேயைக் கெடுத்துவிட்டது என்பது அவர் முடிவு. நிறுவனத்துக்கோ கலைக் கவலை இல்லை, வணிகக் கவலை. தென்மாநிலத்துக் கடைக்காரர் சினங்கொள்வர், தன்னோடு இணைந்த வானொலி நிலையங்கள் முகஞ்சுளிக்கும் என்று அஞ்சி, பதிவு செய்ய மறுத்துவிட்டது. ஆயினும் ஒரு சலுகை தந்தது. வேறு எவரேனும் பதிவு செய்ய முன்வந்தால் ஒருநாள் மட்டும் பாடகியை விடுவிப்போம் என்றது. பழி வேண்டாம், பாடகி மட்டும் வேண்டும்!

முன்வந்தவர் மில்ட் கேப்ளர். நியூயார்க்கின் 42ஆம் தெருவில் 'கமடோர்' என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்தியவர். ஜாஸ் இசைப் பித்தர்கள் கூடிக் கதைபேசும் சிறுகடை அது. 1938-இல் அக்கடையின் பெயராலேயே சிறு அளவில் தட்டு வெளியிடவும் தொடங்கியிருந்தார். தென்னாட்டு வணிகம் என்று ஒன்று அவருக்கு இல்லை. ஆகவே இழப்பதற்கும் ஒன்றுமில்லை. ஹாலிடே கடையிலேயே பக்கவாத்தியம் இன்றிப் பாடிக் காட்ட, கேப்ளர் கண்ணீர் விட்டார் என்பது அவரே சொன்ன செய்தி. (இதே கேப்ளர் பின்பு டெக்கா நிறுவனத்தில் சேர்ந்து, 1954-இல் 'ராக் அரவுண்ட் தி கிளாக்' என்னும் ஆரவாரப் பாடலைப் பதிவு செய்து உலகையே ஆடவைத்தார். ஒருவர்க்குள் எத்தனை செவிகள்!)

ஏப்ரல் 20ஆம் நாள் கஃபே சொசைட்டியின் குழுவே பதிவுக் கூடத்துக்கு வந்தது. ஃபிராங்கி நியூட்டன் டிரம்பெட். சன்னி ஒயிட் பியானோ. சாக்சபோன் வாசிப்போர் மூவர். கிதார், பாஸ், டிரம் வாசிப்போர் ஒவ்வொருவர். அன்று பதிவானவை நான்கு பாடல்கள். அங்கு ஓர் இடர் நேர்ந்தது. பெரும்பாலான பாடல்களுக்கு அக்காலத் தட்டு போதாது. நீண்டதைக் குறுக்க வேண்டும். நம் சங்கீத வித்துவான்கள் விரிந்த ராகத்தை மூன்று நிமிடத்துள் அடக்கப் பட்ட பாட்டைச் சாவி கொடுத்துச் சுழலும் கிராமபோனில் கேட்டு வளர்ந்த மூத்த அன்பர்கள் அறிவர். 'விந்தைக் கனி'க்கோ நேர்மாறான தொல்லை. பாட்டு மிகச் சிறிது. தட்டின் ஒரு பக்கம் நிரம்பாது. முகவுரையாக ஏதேனும் வாசிக்குமாறு கேப்ளர் சன்னி ஒயிட்டைக் கேட்டுக்கொண்டார்.

அந்த முகவுரைதான் இப்பதிவின் உயிர் என்பேன். முதலில் டிரம்பெட்டின் அடங்கிய குரல்; அதன்பின் பியானோ தயங்கித் தயங்கி நடக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் கடந்த பின்னரே மனிதக்குரல் எழுகிறது. இடத்தை நிரப்ப வந்த இசை, வரவிருக்கும் செய்தியின் பளுவைத் தாங்கும் மேடையாகிவிட்டது. ஹாலிடேயின் குரலோ ஓலமிடுவதில்லை. சொற்களை ஒவ்வொன்றாக, ஏறத்தாழப் பேசுவது போல், வைத்துச் செல்கிறார். இறுதிச் சொல்லில் மட்டும் குரல் மேலெழுந்து நின்றுவிடுகிறது. இழவு வீட்டில் எல்லாரும் அழும்போது, அழாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைக் கண்டிருப்பீர்கள், அத்தகைய பாட்டு.

இத்தட்டைப் பற்றி நம் நாட்டார் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்காலத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கிற் பெரும்பங்கு, சோட்டா நாக்பூரிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் பழங்குடி மக்கள் மரக்கிளைகளினின்று சுரண்டி எடுத்தது. 1942-இல் போர்க்காலத் தேவையைக் காட்டி அமெரிக்க அரசு தட்டு உற்பத்திக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளை உடைத்துக் கரைத்துப் புதியன செய்யும் நிலையும் வந்தது. இன்று ராஞ்சியிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அரக்கு மரங்களைப் பார்த்திருக்கக் கூடும்.

தட்டு வெளிவந்தது. மறுபக்கத்தில் 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்னும் காதற்பாட்டு. காசு போட்டால் பாடும் பெட்டிகளில் அக்காதற்பாட்டே மிகுதியாக ஒலித்தது. அதற்காகவே தட்டை வாங்கினோர் பலர். வாங்கியவர் வீட்டுக்குச் சென்று தட்டைத் திருப்பிப் போட்டபோது என்ன கேட்டனர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிற்காலத்து ஆய்வாளர் தொகுத்த விற்பனைப் பட்டியல் இதற்கு 16ஆம் இடம் தருகிறது. வானொலி நிலையங்கள் பல இதனை ஒலிபரப்ப மறுத்தன. 'டைம்' இதழ் 1939-இல் பாடகியின் உடற்கட்டைச் சுட்டிக் கேலி தொனிக்க எழுதியது. 1999-இல் அதே 'டைம்' இதழ் இதனையே நூற்றாண்டின் சிறந்த பாடல் என்று தேர்ந்தது. அறுபது ஆண்டு இடைவெளி.

பாடலை எழுதிய குற்றத்துக்கு மீரோபோலும் விடை சொல்ல வேண்டியதாயிற்று. 1940-களின் தொடக்கத்தில், பள்ளிகளிற் பொதுவுடைமையாளரைத் தேடிய நியூயார்க் மாநிலக் குழு அவரை அழைத்து, இப்பாட்டை எழுதக் கட்சி பணம் கொடுத்ததா என்று வினவியது. மற்றொரு மனத்துயரம் ஹாலிடேயிடமிருந்தே வந்தது. 1956-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூல், மெட்டமைத்ததில் தமக்கும் பியானோக் கலைஞர்க்கும் பங்குண்டு என்று கூறியது. மீரோபோல் மறுத்து எழுதினார். சொல்லும் மெட்டும் அவருடையனவே என்பது இன்று தெளிந்த முடிவு. ஆயினும் உலகம் இதனை ஹாலிடேயின் பாட்டு என்றே அழைக்கிறது. இயற்றியவர் ஒருவர், உயிர் கொடுத்தவர் ஒருவர் என்னும்போது உரிமை எவர்க்கு என்று தீர்ப்பளிப்பது எளிதன்று. எழுத்துப் பதிவில் மட்டும் மீரோபோலின் பெயர் மறையக்கூடாது. 1953-இல் ரோசன்பர்க் தம்பதியர் அமெரிக்க அரசால் கொல்லப்பட்டபின், ஆதரவற்று நின்ற அவர்தம் மைந்தர் இருவரையும் தத்தெடுத்து வளர்த்தவர் இந்த மீரோபோலும் ஆனும்தான். அவர் 1986-இல் மறைந்தார்.

ஹாலிடே தம் வாழ்நாள் முழுதும் இப்பாடலைச் சுமந்தார். 1945-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கொன்றில் பாடியது பதிவாகியுள்ளது. 1947-இல் போதைப்பொருள் வழக்கிற் சிறை சென்று மீண்டபின், மதுவிடுதிகளிற் பாடுதற்குரிய நியூயார்க் நகர அனுமதிச் சீட்டு அவருக்கு மறுக்கப்பட்டது. 1956 சூனில் மீண்டும் ஒரு பதிவு. டிரம்பெட் சார்லி ஷேவர்ஸ், பியானோ விண்டன் கெல்லி. குரல் தேய்ந்து, ஓரங்கள் கிழிந்திருக்கின்றன. சிலர் இதனையே உயர்ந்தது என்பர். எனக்கு 1939-இன் அடக்கமே பெரிதாகத் தோன்றுகிறது. பிந்தியதில் பாடகியின் சொந்தத் துயரமும் கலந்துவிடுவதால், மரத்தில் தொங்குபவரிடமிருந்து நம் கண் பாடுபவர்பால் திரும்பிவிடுகிறது. 1959 பிப்ரவரியில் இலண்டன் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், மால் வால்ட்ரன் பியானோ வாசிக்கப் பாடினார். அப்படச்சுருள் இன்றும் உள்ளது. அவ்வாண்டு சூலை 17ஆம் நாள் அவர் இறந்தார். நாற்பத்து நான்கே வயது.

பிறர் செய்த பதிவுகள் பல. ஜாஷ் ஒயிட் கிதாரோடு பாடினார். நீனா சிமோன் 1965-இல், குடியுரிமைப் போராட்டம் கொதித்த காலத்தில், பியானோ மட்டும் துணையாக வெஞ்சினத்தோடு பாடினார். அவர் குரலின் துணுக்கை வெட்டியெடுத்துத் தம் பாடலொன்றில் கான்யே வெஸ்ட் 2013-இல் பொருத்தினார். அப்பாடலோ காதற்பிணக்கைப் பற்றியது. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் முதற்பட்டியலை வகுத்தபோது, 1939-இன் பதிவு அதில் இடம் பெற்றது.

சட்டமோ மேலும் தாமதித்தது. கும்பற்கொலையைத் தடுக்கும் மசோதாவை அமெரிக்கக் கீழவை 1922, 1937, 1940 என மூன்றுமுறை நிறைவேற்றியும், மேலவையில் அது ஒருமுறையும் கரையேறவில்லை. இப்பாடல் தட்டில் ஏறுவதற்கு முந்திய ஆண்டில், தென்னாட்டு உறுப்பினர் வாரக்கணக்கில் ஓயாது பேசியே அம்மசோதாவை மாய்த்தனர். அதனாற்றான் இத்தட்டை மேலவை உறுப்பினர்க்கு அனுப்பும் முயற்சியும் எழுந்தது. 2005-இல் மேலவை தன் தவற்றுக்கு மன்னிப்புக் கோரித் தீர்மானம் இயற்றியது. எம்மெட் டில் என்னும் சிறுவனின் பெயரால் அமைந்த கும்பற்கொலைத் தடைச் சட்டம் 2022 மார்ச்சு 29ஆம் நாள்தான் கையொப்பம் பெற்றது.

சென்ற விடுமுறையில் என் பேரன், கான்யே வெஸ்ட் பாடலைக் கைப்பேசியிற் கேட்டுக்கொண்டிருந்தான். நடுவே ஒலிக்கும் அப்பெண்குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை. நீனா சிமோனின் பதிவைக் கேட்பித்தேன். அதற்கும் முந்தியது ஒன்றுண்டு என்று 1939-இன் பதிவையும் ஓடவிட்டேன். டிரம்பெட் ஒலித்தது, பியானோ மெல்ல நடந்தது. அரைநிமிடம் கழிந்திருக்கும். "தாத்தா, பாட்டு எப்போது வரும்? வேறு ஏதோ வந்துவிட்டதா?" என்று கைப்பேசியை எடுக்கப் போனான். பொறு என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.